மிஞ்சியதை இரண்டால் பெருக்கு

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு ஒரே கொக்கி.
ஆடிக்காற்று அதைப் பிடித்து உலுக்குகிற இரவு.
மூன்று மணிக்கு மிஷின் துப்பிய தாள்:
பூலுடையான், ஐம்பத்திரண்டு, களக்காடு,
நெஞ்சுவலி.
கிரியாட்டின் கைனேஸ் மொத்தம் நூற்று நாற்பது.
அதில் இதயத்தின் பங்கு
நூற்று எழுபத்தொன்று.

மரக்காலுக்குள் கோட்டை நெல்லை அளந்த கணக்கு.
குழாயை மாற்றினேன். கண்ட்ரோல் ஓட்டினேன்.
மறுபடியும் அதே.
ஈசிஜி சுத்தம், ட்ரோபோனின் சுத்தம் என்று
மேலே வார்டிலிருந்து ஜெபசெல்வி டாக்டர்
கொட்டாவியோடு போனில் சொன்னார்.

மிஷின் பொய் சொல்லவில்லை.
அட்டையில் எழுதியதைச் செய்கிறது:
தசையின் நொதியை மருந்து கட்டிப்போடும்,
மிஞ்சியதை இரண்டால் பெருக்கு.
மிஞ்சியது யார் என்று
அதற்குக் கேட்கத் தெரியாது.

எனக்குச் சந்தேகம் உன்மேல்.
பதினைந்தாம் குரோமோசோமில்
கிட்டத்தட்ட ஒரே எழுத்தில்
இரண்டு முறை எழுதிவைத்த மரபணுவே,
பத்திரத்துக்கு நகல் எடுத்து
மூலத்தோடே வைத்து மறந்தது மாதிரி.
உன்னைப் படித்துச் செய்த நொதிக்கு
வெளிவாசல் கிடையாது.
மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு மதிலுக்கு நடுவே
எட்டெட்டாய்ச் சேர்ந்து நின்று
உள்ளே எரிந்து வருவதை வாங்கி
கிரியாட்டின் தலையில் ஏற்றிவிடும்.
சமைப்பது வேறு ஆள். தின்பது வேறு ஆள்.
ரத்தத்தில் உனக்கு என்ன சோலி?

காலையில் இன்னொரு குழாய் ரத்தம் எடுக்கையில்
அவரிடம் வேலை என்ன என்று கேட்டேன்,
ஊசியை மறக்கட்டும் என்றுதான்.
'வாழத்தாரும்மா. லாரி வயக்காட்டுக்குள்ள வராதுல்லா.
வெட்டுதவன் வேற, ஓட்டுதவன் வேற.
நடுவுல வரப்புல நாங்க எட்டுப் பேரு.
தார எறக்கிக் கீழ வச்சா காய் கன்னிப்போவும்.
தோளுக்குத் தோளுதான் மாத்தணும்.'
ஊசி எப்போது வெளியே வந்தது என்று
எனக்கே தெரியவில்லை.

ஐஸ் டப்பாவில் வேலூருக்குப் போனது குழாய்.
ஒன்பதாம் நாள் வந்த படத்தில்
மற்ற கோடுகளெல்லாம் தத்தம் இடத்தில் நிற்க
ஒன்று மட்டும்
யாரும் நிற்காத பக்கத்தில், பின்னால்.
நீதான்.
எங்கோ இரண்டு மதிலும் சேர்ந்து இடிந்திருக்கிறது.
ஈரலா, குடலா, சொல்லத் தெரியவில்லை.
ஒன்றுமில்லாமல் போனவர்களும் உண்டு,
புத்தகத்தில் அவர்களுக்கு அரை வரி.

வாங்க வந்தவர் கையில்
தினத்தாளில் சுற்றிய ஒரு சீப்பு ஏத்தன்.
'நெஞ்சு நல்லாருக்குல்லா?'
நெஞ்சு நல்லாருக்கு, என்றேன்.
அதில் பொய் இல்லை.
ஸ்கேன் சீட்டை இரண்டாய் மடித்துக் கொடுத்தேன்.
அவர் பிரித்துப் பார்த்தார், படிக்கவில்லை,
என் முகத்தைப் படித்தார்.
கேட் பக்கம் டீக்கடையில்
மற்ற ஏழு பேரும் நிற்பதாகச் சொன்னார்.
'இன்னைக்கு லோடு இல்ல, வந்துட்டானுவ.'
ஏழு பேர் ஒரு லாரியை நிரப்ப
எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்கவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பினார்.
மூலையில் நேற்றிலிருந்து கிடக்கிற தண்ணீர் கேன்,
இருபது லிட்டர், மூடிகூடப் பிரிக்காமல்.
வேண்டாங்க, வேண்டாம், என்று நான் எழுவதற்குள்
தொடையில் ஒரு தட்டு, தோளில் ஒரு நொடி,
ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டார்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவர் போன பிறகும்
கேனுக்குள் ஒரு குமிழி
பெரிதாக, மெதுவாக
மேலே ஏறிக்கொண்டிருந்தது.